டாலி

துறைமுகத்தில் எனக்கு எண்ணுகிற வேலை.
கிரேன் இறக்க இறக்கப்
பெட்டியின் எண்ணைப் படித்து டிக் அடிக்க வேண்டும்.
தாளில் இல்லாத பெட்டி வந்தால்
ஓரங்கட்டி வைப்பார்கள்.
சுங்கம் தொடாது, டிரெய்லர் ஏற்றாது.
உப்புக்காற்றில் துருவேறி நிற்கும்,
உள்ளே பட்டே இருந்தாலும் சரி.

பதினோரு வருஷம்
ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்தப் பெட்டி.

பிரசங்கத்துக்கு ராயபுரம்,
பாட்டுக்குப் பெரம்பூர்,
நைட் ஷிப்ட் முடிந்த காலையென்றால்
படுத்தபடி போனில் ஒரு போதகர்,
ஒன்றரை மடங்கு வேகத்தில்.
கடைசி ஜெபத்தில் எல்லோரும் கண் மூடும்போது
நான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன்.
விசுவாசம் கர்த்தருக்கும் எனக்கும் நடுவே.
அதில் எதற்குச் சந்தா நோட்டு?
சொல்லிப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அந்த வருஷ மழையில்
கொருக்குப்பேட்டை மூன்று நாள் முழுகிக் கிடந்தது.
நான்காம் நாள்
இடுப்பளவுத் தண்ணீரில்
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்
ரயில்வே ஷெட்டில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற
ஏசுவடியான்.
தலையில் பிரட் மூட்டை.
பால் கவருக்குள் மடித்த ஒரு தாள்.

எதிர்வீட்டு ரூபவதி அக்கா
போன மாதம்தான் கமிட்டியில்
சவுண்டு பாக்ஸ் கணக்குக்காக
அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருந்தாள்.
கதவைத் தட்டினார்.
முகத்தைத் திருப்பிக்கொண்டே பிரட்டை வாங்கினாள்.
"முப்பத்தேழு" என்று முனகி
டிக் அடித்தார்.
எனக்குத் தெரிந்த டிக்.

எனக்கும் கொடுத்தார்,
கீழ்வீட்டு மைமூன் பீவிக்கும் கொடுத்தார்.
பிரட்டுக்குப் பட்டியல் கிடையாது.
தேடுவதற்குத்தான் பட்டியல்.

"நீங்க யார் லிஸ்ட்டுல தம்பி?
அவங்க வந்து பாத்தாங்களா?"

குத்திக் கேட்கவில்லை.
ஒரே வீட்டுக்கு இரண்டு பேர்
அந்தத் தண்ணீரில் நடக்க வேண்டாமே என்றுதான்.

அன்று ராத்திரி மெழுகுவர்த்தி தீரும்வரை
ஒரே கேள்வி.
நூறில் ஒன்று குறைகிறதென்று
மேய்ப்பனுக்கு எப்படித் தெரிந்தது?
எண்ணியிருக்கிறான்.
அதற்கு முந்தின நாளும் எண்ணியிருக்கிறான்.
அந்தக் கதையில் தொலைந்த ஆடு நான்தான் என்று
எத்தனை தடவை அழுதிருக்கிறேன்!
தொலைவதற்கும் ஒரு மந்தை வேண்டுமாம்.
எண்ணாத ஆடு தொலைவதில்லை,
சும்மா இல்லாமல் இருக்கிறது.

ஜனவரியில் போனேன்.
லெவல் கிராசிங்குக்குப் பக்கத்தில்
தகரக் கூரைச் சபை.
கூட்ஸ் வண்டி போகும்போதெல்லாம்
ஐயர் பிரசங்கத்தை நிறுத்திக்கொண்டு
பெட்டிகள் கடக்கும்வரை தண்ணீர் குடிப்பார்.
பதிவேட்டில் பெயர் கேட்டார்கள்.
ஏனோக்கு என்றேன்.
"காணாமப் போனவரு பேராச்சே" என்று
ஏசுவடியான் சிரித்தார்,
எழுத்துப்பிழையோடு எழுதினார்.
திருத்தச் சொல்லவில்லை நான்.

சுகமாக இருக்கிறதா என்றால், இல்லை.
ஒரு ஞாயிறு போகாவிட்டால் நான்கு போன்.
சுதி சேரவில்லையென்று
ரூபவதி அக்கா எல்லோர் முன்னும் சொல்கிறாள்.
எண்ணத் தெரிந்தவனென்று
சவுண்டு பாக்ஸ் கணக்கை என் தலையில் கட்டிவிட்டார்கள்.
நானாகத் தேர்ந்தெடுத்திருந்தால்
இவர்களில் பாதிப் பேரைத்
தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன்.
அவர்களும் என்னை.
ஒரே அப்பத்தைப் பிட்டு
அந்தக் கைகளில்தான் கொடுக்கிறார்கள்.

போன வாரம் எனக்கும் ஒரு தாள் வந்தது.
பதினோரு வீடு.
மூன்றாவது வீடு பூட்டியிருந்தது.

யார்டில் ஒன்று குறைந்தால்
'ஷார்ட்' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

இங்கே
பூட்டின் முன்னால் பேனாவை மூடி வைத்துவிட்டுப்
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறேன்:

ஞானப்பூ அம்மா எங்கே போயிருக்காங்க,
தெரியுமாங்க?
ரெண்டு வாரமா
காணோம்.